பெட்ரோல் கிண்ணம் வேண்டாம்

வண்டியின் பாகம் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டால் அதை எதில் கழுவுவது என்ற கேள்விக்கு, நம் ஊரில் தெருமுனை மெக்கானிக் முதல் மாடிவீட்டுக் கல்லூரி மாணவன் வரை, சிறிதும் அபிப்பிராய பேதமின்றிச் சொல்லும் விடை பெட்ரோல் என்பதுதான். அது வண்டியிலேயே இருக்கிறது. டியூபைப் பிடுங்கினால் கிண்ணத்தில் விழுகிறது. பிரஷ் பட்ட மாத்திரத்தில் கறுப்பெல்லாம் கரைந்து ஓடுகிறது. துடைக்கிற சிரமங்கூட இல்லாமல் பாகம் தானே உலர்ந்தும் விடுகிறது. இவ்வளவு சௌகரியங்களும் ஒருங்கே அமைந்த திரவம் வேறொன்று இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

தானே உலர்ந்துவிடுகிறதே, அந்தப் பெட்ரோல் எங்கே போயிற்று?

இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் எரிச்சல். (எரிச்சலைப் பதிவில் கொட்டித் தீர்ப்பது நம் வழக்கந்தானே. கொஞ்சம் சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள், விஷயம் நீளம்.)

கோடை விடுமுறைக்குக் காட்பாடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் மனைவியின் தம்பி, சும்மா இருக்க மாட்டாத கைகளை உடையவன், போர்ட்டிகோவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, என் பழைய ஸ்பிளெண்டரின் கார்புரேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு, "மாமா, ஒரு எவர்சில்வர் கிண்ணம் குடுங்க, பத்து நிமிஷத்துல பளபளன்னு ஆக்கிக் காட்டுறேன்" என்றான். அவனுக்குப் பின்னால் நாலடி தூரத்தில், தரையை ஒட்டினாற்போல, தண்ணீர் மோட்டார். அதன் சுவிட்ச் போடும்போதெல்லாம் நீலப்பொறி தெறிக்கும் ஜாதி. மாடிப்படியின் அடியில் இன்வர்ட்டர். திறந்து கிடந்த வாசற்படிக்கு உள்ளே, கூடத்து மூலையில், காமாட்சி விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

"தம்பி, கூடவே ஒரு ஊதுபத்தியும் ஏத்தி வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"நான்தான் சிகரெட்டே பிடிக்கிறதில்லையே மாமா!" என்றான், மனம் நொந்தவனாக.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. நெருப்பென்றால் தீக்குச்சியும் சிகரெட்டுமே என்று நினைத்துக்கொண்டு, பெட்ரோல் என்றால் கிண்ணத்துக்குள் கண்ணுக்குத் தெரிகிற அந்தத் திரவம் மட்டுமே என்றும் நம்பி, இரண்டுக்கும் நடுவே கண்ணால் காணமுடியாத மூன்றாவது ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்து போய்க்கொண்டிருப்பதை அடியோடு மறந்துவிடுவது உலகத்தின் சுபாவமாகிவிட்டது. எரிவது பெட்ரோல் அன்று, அதன் ஆவி. அந்த ஆவியோ காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானதாகையால் சமையல் புகையைப்போல மேலே எழும்பிப் போய்விடுவதில்லை; பள்ளம் கண்ட இடத்தில் தங்குகிறது, படியிறங்குகிறது, கதவிடுக்கில் நுழைகிறது, மோட்டார் சுவிட்சையும் பிரிட்ஜின் அடியையும் விளக்கின் திரியையும் தானே தேடிப் போய் அடைகிறது. அடைந்தபின், அங்கே பற்றிய தீ வந்த வழியே திரும்பி ஓடிவந்து கிண்ணத்தையும் கிண்ணத்தின் முன் உட்கார்ந்திருப்பவரையும் பிடித்துக்கொள்கிறது.

கணக்குப் பார்க்கலாமா? (கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாண்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.) காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெட்ரோல் ஆவி கலந்தாலே அது பற்றிக்கொள்ளும் கலவையாகிவிடும். 100 மில்லி பெட்ரோல், அதாவது அரை டம்ளர், முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 20 லிட்டர் ஆவி கிடைக்கும். அந்த 20 லிட்டர் ஆவி, சுமார் 1,500 லிட்டர் காற்றைத் தீப்பிடிக்கும் காற்றாக மாற்றப் போதுமானது. இரண்டு ஸ்டீல் பீரோக்களை ஒட்டி நிறுத்தி வைத்தால் அடைக்குமே, அவ்வளவு இடம். அரை டம்ளருக்கு இந்தக் கதி என்றால், என் மைத்துனன் கேட்ட கிண்ணத்தின் கொள்ளளவை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்களில் எது சாது, எது துஷ்டன் என்பதைப் பிரித்தறிய இரசாயன சாஸ்திரிகள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒரு திரவத்தைச் சூடாக்கிக்கொண்டே வந்தால், எந்த வெப்பநிலையில் அதன் மேற்பரப்பிலிருந்து கிளம்பும் ஆவி, பக்கத்தில் ஒரு சுடரைக் காட்டியதும் குப்பென்று பற்றுகிறதோ, அதுவே அந்த அளவு. பெட்ரோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்கும் தாழ்வு. அதாவது காஷ்மீரத்துப் பனியிலே கொண்டுபோய் வைத்தாலும் அது பற்றத் தயார். மண்ணெண்ணெய்க்கு நம் நாட்டுத் தரநிர்ணயம் விதிப்பது குறைந்தபட்சம் 35 டிகிரி. மேல்நாட்டுப் புத்தகங்கள் பெரும்பாலும் 38 என்று போடுகின்றன. ஆகவே பெட்ரோலை விட்டு மண்ணெண்ணெய்க்கு வாருங்கள் என்று அந்தப் புத்தகங்கள் உபதேசிப்பது முற்றிலும் நியாயமான உபதேசம்.

நியாயமானதுதான், ஆனால் அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் வேலூர் ஜில்லாவில் சித்திரை மாதம் வாசம் செய்தவர்கள் அல்லர்.

கத்திரி வெயிலில் எங்கள் பக்கம் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுவது புதுமையன்று. மொட்டைமாடித் தளத்தில், வெயில் நேரே விழும் தகரத் தட்டில், மண்ணெண்ணெயை ஊற்றி வைத்தால் அது 50 டிகிரியைக் கூடத் தொடும். லண்டனிலோ சிகாகோவிலோ பரமசாதுவாக இருக்கிற அதே மண்ணெண்ணெய், இங்கே நடுப்பகலில் சாதுத்தன்மையைக் கைவிட்டுப் பெட்ரோலின் சகோதரன் ஆகிவிடுகிறது. இதை நான் எந்த வீடியோவிலும் சொல்லக் கேட்டதில்லை. காலை ஏழு மணிக்கு, காற்றோட்டமான நிழலில், தரை இன்னும் குளிர்ந்திருக்கும்போது உட்கார்ந்து முடித்துவிட வேண்டிய வேலை இது. அக்னி நட்சத்திரம் நடக்கும்போது பதினோரு மணிக்குமேல் யாராவது மாடியில் கார்புரேட்டரைப் பிரிக்கிறேன் என்றால், மோரைக் கொடுத்துத் தூங்கப் போகச் சொல்லுங்கள்.

இந்த மண்ணெண்ணெய் விஷயத்தில் இன்னொரு தர்மசங்கடமும் உண்டு. ரேஷன் கடையில் வருகிற நீல மண்ணெண்ணெய் அடுப்பெரிக்கவும் விளக்கேற்றவும் ஏழைகளுக்கென்று சகாய விலையில் தரப்படுவது. அதை வேறு காரியத்துக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம், நியாயப்படியும் அழகல்ல. பிறகு எங்கே போவது? பெயிண்ட் கடைக்குப் போங்கள். அங்கே வர்ணம் கரைப்பதற்கென்று மினரல் டர்பன்டைன் விற்கிறார்கள். அதுதான் நம் காரியத்துக்கு மிகப் பொருத்தமான சரக்கு என்பது என் அநுபவம். (டர்பன்டைன் கேட்டால் சில கடைகளில் தின்னரை எடுத்து நீட்டுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. தின்னர் பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் ஒருங்கே சாப்பிட்டுவிடும்; எரிவதிலும் பெட்ரோலுக்கு அதிகம் இளைத்ததன்று.)

இந்த மினரல் டர்பன்டைனின் வமிசாவளி ரசமானது. சற்று விலகிப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். பட்டுப் புடவையையும் கோட்டையும் தண்ணீர் படாமல் வெளுக்கிற டிரைகிளீனிங் தொழிலில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெட்ரோலுக்கு நெருங்கிய உறவான திரவங்களையே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். சலவைக் கடைகள் அடிக்கடி தீப்பிடித்தன, இன்ஷ்யூரன்ஸ்காரர்கள் முகஞ்சுளித்தார்கள். அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் ஸ்டாடர்ட் என்ற சலவைக் கடைக்காரர், மெல்லன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லாயிட் ஜாக்ஸன் என்பவரோடு சேர்ந்து, 1924-இல், அழுக்கை எடுக்கவும் வேண்டும், எளிதில் பற்றவும் கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்ட ஒரு பெட்ரோலிய வடிப்பை வகுத்தார். 1928 முதல் அது சலவைக் கடைகளுக்குள் புகுந்தது. பிற்பாடு அதே சரக்கு எஞ்சின் பாகங்களைக் கழுவும் தொட்டிகளுக்கும் வந்து சேர்ந்தது. நம் பெயிண்ட் கடை டர்பன்டைன் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நூறு வருஷத்துக்கு முன் ஒரு சலவைக்காரர் கண்டுகொண்ட விவேகம், இன்று விரல்நுனியில் உலகத்தையே வைத்திருக்கிற நம் பையன்களுக்கு எட்டவில்லை என்றால் என்ன சொல்வது!

இதற்குப் பதிலாக அவர்கள் கற்றுக்கொண்டிருப்பது பெட்ரோலில் கை கழுவுவதை. வேலை முடிந்ததும் ஒரு பஞ்சுத்துணியை டேங்குக்குள் விட்டு நனைத்து, விரல் விரலாகத் துடைத்து, முகர்ந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். நம் காலத்துப் பெட்ரோலில் ஈயம் இல்லையே என்று ஆறுதல் சொல்லலாம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நின்றுவிட்டது. அதற்கு முந்திய தலைமுறை மெக்கானிக்குகள் ஈயத்தோடு சேர்த்தே ஆயுள் முழுதும் கை கழுவினார்கள். பெட்ரோலில் ஈயத்தைச் சேர்க்கும் வழியைக் கண்ட தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர், 1924 அக்டோபரில், நியூஜெர்ஸித் தொழிற்சாலையில் தொழிலாளிகள் ஈய விஷத்தால் மாண்ட செய்தி ஊரைக் கலக்கிக்கொண்டிருந்த சமயத்தில், பத்திரிகை நிருபர்களைக் கூட்டி, அவர்கள் கண்முன்னால் அந்த ஈயத் திரவத்தில் தம் கைகளைக் கழுவிக் காட்டினார்; முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்திய வருஷந்தான் அவரே ஈய விஷத்துக்காக ஓய்வெடுத்துத் திரும்பியிருந்தார் என்பதை நிருபர்களிடம் சொல்லவில்லை!

ஈயம் போயிற்று, பென்ஸீன் போகவில்லை. பாரடே என்ற விஞ்ஞானி 1825-இல் பிரித்தெடுத்த அந்த வாசனைத் திரவம் (காபியிலிருந்து காபீனை எடுப்பதற்கு 1906-இல் ஜெர்மனியில் உபயோகித்தார்கள் என்றால் நம்புவீர்களா?) இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது இன்று சந்தேகமின்றி நிரூபணமான விஷயம். நம் பெட்ரோலில் அதை நூற்றுக்கு ஒரு பங்கு வரை அநுமதித்திருக்கிறார்கள். ஒருநாள் கழுவினால் ஒன்றும் ஆகாது என்பது சரி. ஆனால் ஒருநாள் கழுவியவன் அடுத்த தடவையும் கழுவுகிறான்.

சரி, பெட்ரோலைப் போதுமான அளவு வைதாயிற்று. கழுவுகிற விதத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எஞ்சின் அழுக்கு என்று நாம் மொத்தமாகச் சொல்லுவதில் மூன்று வகை உண்டு. செயின் ஸ்பிராக்கெட்டைச் சுற்றியும் எஞ்சினின் அடியிலும் அப்பிக்கிடப்பது எண்ணெயும் புழுதியும் குழைந்த சேறு. கார்புரேட்டருக்குள் மஞ்சளும் பழுப்புமாகப் படிந்திருப்பது, நின்ற பெட்ரோல் ஆவியாகிப் போனபின் மிஞ்சிய பிசின். பிஸ்டன் தலையிலும் சைலன்ஸர் வாயிலும் கன்னங்கரேலென்று இறுகியிருப்பது கரி. முதலாவதற்கு வேண்டியது சுரண்டல். இரண்டாவதற்கு வேண்டியது ஊறல். மூன்றாவதற்கு எந்தத் திரவமும் சாமானியமாகப் பயன்படாது, ஏனெனில் கரி மண்ணெண்ணெயிலும் கரையாது, பெட்ரோலிலும் கரையாது. இந்தப் பாகுபாடு தெரியாமல், மூன்றுக்கும் மேலும் மேலும் கடுமையான திரவத்தைத் தேடிப்போவதே வீட்டில் நடக்கிற விபத்துக்களில் பாதிக்கு மூலகாரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தச் சேற்றை எடுக்க நான் முதலில் ஒரு சொட்டுத் திரவமும் தொடுவதில்லை. ஐஸ்கிரீம் குச்சி, மூங்கில் சிம்பு, பழைய ஸ்டீல் ஸ்கேல், இவற்றால் சுரண்டிச் சுரண்டிப் பழைய செய்தித்தாளில் சேர்த்துவிடுகிறேன். சுரண்டி எடுத்தபின் மிஞ்சுவது மெல்லிய படலந்தான். அதன்மேல் மரத்தூளைத் தூவிக் கையுறையோடு தேய்த்தால் பாதிப் படலமும் மரத்தூளோடு போய்விடும். (மரத்தூள் அறுவைமில்லில் இலவசமாகக் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் ஆற்றுமணல், ஆனால் மணல் ஒரு பருக்கைகூட பேரிங்குக்குள் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.) இவ்வளவும் ஆனபிறகு டர்பன்டைனுக்கு மிச்சமிருக்கிற வேலை அற்பமானது.

அதற்கு மூடியுள்ள தகர டப்பா வேண்டும்.

மூடி என்பதை இருமுறை வாசியுங்கள். திறந்த கிண்ணத்தில் வைத்துத் தேய்ப்பதற்கும், மூடிய டப்பாவில் போட்டுவிட்டு மறுநாள் வரை மறந்துபோவதற்கும் உள்ள வித்தியாசந்தான் இந்தப் பதிவு முழுவதும். மூடிய டப்பாவிலிருந்து ஆவி வெளியேறுவதில்லை, திரவமும் வீணாவதில்லை, பாகமும் நம்மைத் தொந்தரவு செய்யாமல் இரவெல்லாம் ஊறுகிறது. பெட்ரோல் பத்து நிமிஷத்தில் செய்வதை டர்பன்டைன் பத்துமணி நேரத்தில் செய்கிறது. அந்தப் பத்துமணி நேரமும் நாம் விழித்திருக்க வேண்டியதில்லை அல்லவா! காலையில் எடுத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்தால் போதும். பிறகு இன்னொரு டப்பாவில் புதுத் திரவத்தில் ஒரு முழுக்கு. முதல் டப்பாவின் திரவத்தை அசையாமல் வைத்தால் சகதி அடியில் இறங்கி, மேலே தெளிவு நிற்கும். அதை மெல்ல இறுத்துக்கொண்டால் அடுத்த முறைக்கு முதல் டப்பாவுக்கு ஆகும். இந்தச் சுழற்சியில் ஒரு லிட்டர் டர்பன்டைன் எனக்கு வருஷத்தைத் தாண்டியும் வருகிறது.

அதன்பின் வெந்நீரும் பாத்திரம் தேய்க்கிற திரவசோப்பும். டர்பன்டைன் விட்டுப்போகிற எண்ணெய்ப் பசையை சோப்புத்தான் எடுக்கும். சொல்லப்போனால் அழுக்கு புதிதாயிருந்தால் டர்பன்டைனே வேண்டாம். சோப்பும் வெந்நீரும் பிரஷ்ஷும் போதும் என்பதைப் பல தடவை சோதித்துப் பார்த்திருக்கிறேன். சோப்பில் நனைந்த இரும்பைச் சற்று நேரம் அப்படியே விட்டாலும் துருப்பிடிக்கத் தொடங்கும். உடனே துணியால் ஒற்றி, வெயிலில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்துவிட வேண்டும். (காயவைப்பதற்கு மட்டும் வேலூர் வெயிலைப்போல உபகாரி யாருமில்லை. நியாயத்தைச் சொல்ல வேண்டுமல்லவா?)

கரி விஷயத்தில் பழைய மெக்கானிக்குகளின் பிரம்மாஸ்திரம் காஸ்டிக் சோடா. டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ஓடிய காலத்தில், அடைத்துப்போன சைலன்ஸருக்குள் அதைக் கரைத்து ஊற்றி வைப்பார்கள். இரும்புச் சைலன்ஸருக்கு அது சரி. கார்புரேட்டரும் எஞ்சின் உறையும் பிஸ்டனும் இரும்பல்ல, அலுமினியக் கலவை. காஸ்டிக் சோடாவில் அலுமினியம் பட்டால் பொங்கி நுரைத்து, ஹைட்ரஜன் என்ற எரிவாயுவைக் கக்கிக்கொண்டே பாகம் அரித்துப்போகும். தெறித்த துளி கண்ணில் விழுந்தால் பார்வையே போகும். வீட்டில் இந்த வித்தை வேண்டவே வேண்டாம். கரியை மரச்சிம்பால் சுரண்டுங்கள். போகிற மட்டும் போகட்டும்.

கார்புரேட்டர் ஜெட்டின் பொடித்துளை அடைத்தால் ஊசியும் கம்பியும் விடக்கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் வண்டி பெட்ரோலைக் குடிக்கத் தொடங்கும். தென்னை ஈர்க்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள்; உள்ளே முறிந்துகொண்டால் அவஸ்தை. பிரஷ்ஷின் ஒற்றை நைலான் இழையே உத்தமம். அதற்கும் அசையாத பிசினுக்குத்தான் கடையில் விற்கும் கார்புரேட்டர் ஸ்பிரே. அதில் பெரும்பாலும் டொலுவீன், அஸிடோன் முதலிய கடுந்திரவங்கள் இருப்பதால் ரப்பர் வளையங்களையும் மிதவையையும் முன்கூட்டியே கழற்றி விடுங்கள். முக்கியமான சங்கதி ஒன்று: கார்புரேட்டருக்குள் துளைக்குத் துளை சுரங்கம் உண்டு. ஒரு துளையில் குழாயை வைத்து அழுத்தினால், நீங்கள் எதிர்பாராத இன்னொரு துளையிலிருந்து, குறி பார்த்து எய்ததுபோல, நேரே உங்கள் கண்ணுக்குப் பாயும். கண்ணாடிக் கவசம் போடாமல் ஸ்பிரேயைத் தொடாதீர்கள். மூக்குக்கண்ணாடி கவசமாகாது.

கையுறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டாக்டர்கள் போடுகிற வெள்ளை லேடக்ஸ் உறை பெட்ரோலிய எண்ணெய் பட்டதும் உப்பிக் குழைந்து கிழிந்துபோகும். நைட்ரைல் உறை, பெரும்பாலும் நீலநிறத்தில் வருவது, தாங்கும். கொரோனாக் காலத்தில் வாங்கிக் குவித்த முகக்கவசம் ஆவியைத் தடுக்காது; ஆவிக்கு அது திறந்த கதவுதான். திறந்த வெளியே நல்ல கவசம். தலை இலேசாகக் கிறுகிறுத்தாலும், வாசனை திடீரென்று தெரியாமல் போனாலும், எழுந்து போய்விட வேண்டும். வாசனை தெரியாமல் போவது ஆவி போய்விட்டதற்கு அடையாளமன்று. மூக்கு மரத்துப்போனதற்கே அடையாளம்.

பிரேக் பற்றிக் கேட்பீர்கள். பிரேக் ஷூவில் மண்ணெண்ணெய், டர்பன்டைன், டீசல் எதுவும் கூடாது. எண்ணெய் குடித்த ஷூ பிடிக்காது. டிரம்முக்குள் சேர்ந்த தூளை வாயால் ஊதவும் கூடாது, கம்ப்ரஸரால் அடிக்கவும் கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரே சிலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான் வருகிறது. தீப்பிடிக்காது என்று அதைக் கொண்டாடுகிறார்கள். அது ஈரமாக இருக்கும் பாகத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் பிறக்கும். முதல் உலக யுத்தத்தில் பதுங்குகுழிச் சிப்பாய்களைக் கொன்ற அதே வாயு.

செயினுக்கு ஒரே வார்த்தை: எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு துணியால் செயினைத் துடைக்கிற வழக்கத்தை இன்றோடு விடுங்கள். துணியைப் பல் பிடிக்கும்; துணியைத் தொடர்ந்து விரல் போகும். விரல் போனவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம், அவர்களைக் கேளுங்கள். எஞ்சினை நிறுத்தி, நடுஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றித் துடைத்தால் கால்மணி கூடுதல் ஆகும். ஆகட்டும்.

கழுவி முடித்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாமல், வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணி தானே சூடேறிப் பற்றும். எஞ்சின் ஆயில் அப்படிச் செய்வதில்லை. ஆனாலும் நனைந்த துணி நனைந்த திரிதானே. டப்பாவின் அடியில் தங்கிய சகதியைச் சாக்கடையிலோ தென்னையடியிலோ ஊற்றாமல், பழைய எஞ்சின் ஆயிலோடு சேர்த்து, ஆயில் வாங்குகிறவர்கள் வந்து எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். சட்டம் அதை அபாயக் கழிவு என்றே வகுத்திருக்கிறது. உட்காரும் இடத்துக்கு அருகில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீரை வீசினால் எண்ணெய் மிதந்துகொண்டே பரவும், தீயும் கூடவே போகும். டப்பாவில் பற்றினால் பதறாமல் மூடியைப் போட்டு மூடுங்கள். மூடியின் மகிமை அங்கேயும் உண்டு.

என் மைத்துனன் அன்றைக்குக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், முழுமனசோடு அல்ல. பிஸ்கட் டப்பாவில் ஊறப்போட்ட கார்புரேட்டரை மறுநாள் காலை எடுத்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல மாமா" என்றான். எங்கள் வீட்டு வழக்கில் அது உயர்ந்த பாராட்டு.

இனி நான் சொல்லப்போவது எல்லாவற்றிலும் பெரிய விஷயம். இதற்காகவே நடுநடுவே வேடிக்கையாகப் பேசி உங்களை இதுவரை நிறுத்தி வைத்தேன். மிச்சமான மண்ணெண்ணெயையோ டர்பன்டைனையோ நம் வீடுகளில் எதில் ஊற்றி வைக்கிறோம்? குடிதண்ணீர் பாட்டிலில், குளிர்பான பாட்டிலில். ஓடியாடி வந்த குழந்தை, தாகத்தில், தண்ணீர் என்றே எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிடும். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளுக்கு நேரும் விஷ விபத்துக்களில் மண்ணெண்ணெய் குடித்தது என்பது நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்துவருகிறது. அந்தச் சமயத்தில் பாட்டிமார்கள் செய்கிற முதல் வைத்தியம் உப்புத்தண்ணீர் கொடுத்தோ விரல்விட்டோ வாந்தி எடுக்க வைப்பது. அதுதான் செய்யக்கூடாதது. மண்ணெண்ணெய் வயிற்றில் கிடப்பதால் செய்கிற கெடுதியைவிட, வாந்தியில் மேலேறி நுரையீரலுக்குள் ஒரு துளி இறங்கினால் செய்கிற கெடுதி மிகப் பெரிது. இருமலும் மூச்சுத்திணறலும் சில மணி நேரம் கழித்துக்கூடத் தோன்றலாம். வாந்தி எடுக்க வைக்காமல், குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு, 108-ஐ அழைத்தோ ஆட்டோ பிடித்தோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருமாமல் சிரித்துக்கொண்டிருக்கிற குழந்தையானாலும் போங்கள்.

இதைப் படித்தவுடன் போனைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வீட்டு மாடிப்படியின் அடியிலும் பாத்ரூம் பரணிலும் ஒரு பார்வை பார்த்து வாருங்கள். பழைய தண்ணீர் பாட்டிலில் அப்படி ஏதாவது நின்றுகொண்டிருந்தால், அதை இன்றைக்கே தகர டப்பாவுக்கு மாற்றி, மேலே பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டி, குழந்தைக் கை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். கார்புரேட்டர் அடுத்த வாரம் வரை காத்திருக்கும்.